பால்மரக் காட்டில் ஒரு புளூஸ்

சிரம்பான் பட்டணத்திலிருந்து ரஹாங் தூரமில்லை. கடைவீதியை விட்டுத் தெற்கே இறங்கினால், சிக்னலில் மாட்டிக்கொள்ளாத நாளில், வானொலியில் ஓடும் பாட்டு முடிவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். ரஹாங் என்றால் மலாயில் தாடை. வாயை வைத்துப் பிழைக்கும் அறிவிப்பாளருக்கு இப்படியொரு பெயர் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இங்கே பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் கிடையாது. பழைய கடைவீடுகள், மோட்டார் பட்டறைகள், வாசலில் மல்லிகைச் சரம் தொங்கும் ஒரு பூக்கடை, மாடிப்படியில் சைக்கிள்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த மலிவுவிலை அடுக்குமாடி வீடுகள். ஆனால் அந்த அடுக்குமாடிகளின் கீழே, சிமெண்டு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எந்த ஊரு ஐயா?" என்று கேட்டால் ரஹாங் என்று சொல்லமாட்டார்கள். லாபு, மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் என்று ஒரு பெயர் வரும். அதன் பின்னால் தோட்டத்தின் பெயர் வரும், எத்தனையாவது டிவிஷன் என்பதும் வரும். அந்த டிவிஷன் இன்று செம்பனையாகவோ, வேலி போட்ட வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருக்கும். ஊர் போனபிறகும் முகவரி மட்டும் நாக்கில் இருக்கிறது.

நான் ரஹாங்குக்கு வந்தது ஒரு பாட்டைத் தேடி. அந்தத் தேடலைத் தொடங்கிவைத்தவர் இந்தப் பக்கமே வராத ஓர் அமெரிக்கர். 1934-ல் இறந்துபோனவர். பெயர் சார்லி பேட்டன்.

தோட்டத்து இசை பற்றி ஒரு வானொலித் தொடர் தயாரிக்கும்போது, 'உலகத்தில் வேறு எங்கே தோட்டக்காட்டிலிருந்து பாட்டு வந்தது?' என்று தேடினேன். கரும்புத் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்று பல இடங்கள் வந்தன. காதை விட்டு இறங்காமல் நின்றது பருத்திக்காட்டுக் குரல்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 'டெல்டா' என்றொரு பகுதி. டெல்டா என்றதும் தஞ்சாவூரை நினைத்துவிட வேண்டாம். இது கடலோரக் கழிமுகம் இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வெள்ளச் சமவெளி. கறுப்பு மண். காட்டை வெட்டிப் பருத்தி போட்டார்கள். 1895-ல் வில் டாக்கரி என்பவர் அங்கே நிலம் வாங்கித் தொடங்கிய தோட்டம் பிறகு ஓர் ஊராகவே வளர்ந்தது. தோட்டத்துக்குள்ளேயே கடை, அஞ்சல் நிலையம், பள்ளிக்கூடம், கோயில், வைத்தியர். கடையில் செல்லுபடியாகத் தோட்டமே அடித்த காசும் உண்டு.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் தோட்டத்தை யாரோ நோட்டம் பார்த்து அங்கே கட்டியதுபோல் இருந்தது. நம்மிடம் தனிக் காசு இருந்ததோ இல்லையோ, சில்லறைக் கடையின் 555 புத்தகம் இருந்தது. சம்பளம் வாங்கிய கையோடு அந்தப் புத்தகத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, மறுநாள் மறுபடியும் பற்று வைத்த குடும்பங்கள் எத்தனை! டாக்கரியில் மாதச் சம்பளமும் கிடையாது, வாரச் சாகுபடிதான். விதை, உழவுக்குக் கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடனாக வரும். பருத்தி எடுத்தபின் வருடக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். கணக்கு எழுதுகிறவர் தோட்டத்து ஆள் என்றால் யார் பக்கம் மிச்சம் நிற்கும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடிமை முறை 1865-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோட்டத்துக்குத்தான் ஏறக்குறைய 1900-ஐ ஒட்டிப் பேட்டனின் குடும்பம் வந்து சேர்ந்தது. பிறந்த வருடம் 1891 என்று பலரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்பே என்பவர்களும் உண்டு. நம் தாத்தாக்களின் அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதியைப் போலத்தான். ஹென்றி ஸ்லோன் என்ற மூத்த கிட்டார்க்காரர் அதே பகுதியில் இருந்தார். பையன் அவர் பின்னாலேயே திரிந்து வித்தையைக் கற்றுக்கொண்டான்.

ஆள் குள்ளம். உடம்பும் ஒல்லி. குரலோ ஜல்லியைக் கொட்டியதுபோல் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலம். சனிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருவர் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு உள்ளே ஆட்டம் போடுவார்கள். அத்தனை பேர் காலடிச் சத்தத்தையும் தாண்டி ஒற்றைக் குரலும் ஒற்றைக் கிட்டாரும் கேட்க வேண்டும். அதனால் அவர் கத்திப் பாடினார். கிட்டார்ப் பலகையை மத்தளம்போல் தட்டினார். தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தார், முழங்காலுக்கு நடுவே வைத்தும் வாசித்தார். கூடவந்த சிலர் அதைக் கோமாளித்தனம் என்று முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆறு நாள் பருத்திச் செடிக்கு முன்னால் குனிந்தவர்களை ஏழாம் நாள் நிமிர வைக்க வந்தவர், கொஞ்சம் வித்தை காட்டினால்தான் என்ன?

ஒரு தோட்டத்திலும் நிலையாக நிற்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். நிறையக் குடித்தார், பல கல்யாணம் செய்தார். யாரோ கழுத்தை அறுத்துத் தழும்போடு பிழைத்தார். சில நேரம் தேவாலயப் பாட்டும் பிரசங்கமும்கூடச் செய்தார். அவரை வெள்ளைச் சட்டை போட்ட மகானாக நான் இங்கே நிறுத்த விரும்பவில்லை. அவர் பாட்டும் அப்படி நிற்காது.

இசைத்தட்டுக் கதை சுவையானது. ஜாக்சன் நகரில் கடை வைத்திருந்த எச்.சி. ஸ்பியர் என்பவர் மூலமாகப் பாரமவுண்ட் கம்பெனிக்குச் செய்தி போனது. 1929 ஜூன் 14-ஆம் தேதி, இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஒரே நாளில் 14 பாட்டுகள் பாடிப் பதிவு செய்தார் பேட்டன். அவற்றில் 'போனி புளூஸ்' நன்றாக விற்றது. இந்தப் பாரமவுண்ட், சினிமாக் கம்பெனி இல்லை. விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றின் கிளை. கிராமபோன் பெட்டிக்கு மரவேலை செய்தவர்கள், 'பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டுமே' என்று தட்டுத் தொழிலில் இறங்கினார்கள். கறுப்பின மக்கள் தங்கள் பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது தெரிந்தவுடன் அந்தப் பக்கம் ஆள் தேடினார்கள். கலைக்குச் செய்த சேவையாக அவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வியாபாரம் இல்லையென்றால் இன்று நான் பேட்டனைக் கேட்டிருக்க முடியாது.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். ஒரு தட்டில் பேட்டனின் பெயரைப் போடாமல் 'முகமூடி அணிந்த வியப்பு மனிதர்' என்று மட்டும் அச்சிட்டு, 'பாடுவது யார் என்று சொல்லுங்கள், ஒரு தட்டு இலவசம்' என்று போட்டி வைத்தார்கள். இன்றைய வானொலிப் போட்டிகளுக்கெல்லாம் அது பாட்டன்.

அவர் பாட்டுகளில் என்னை உலுக்கியது 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிய இரண்டு பகுதிப் பாட்டு. வெள்ளம் ஊர் ஊராக ஏற ஏற, பாட்டும் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. எங்கே போனாலும் தண்ணீர். செய்தித்தாள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் செய்தி. தோட்டத்துக்குள் வந்துபோன ரயிலைப் பற்றியும் அவர் பாடியிருக்கிறார். காய்ப்பூச்சி, சிறைச்சாலை, போலீஸ்காரர் என்று கண்ணில் பட்டதெல்லாம் பாட்டாயிற்று.

1934 ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. கூடவே மனைவி பெர்த்தா லீயும் பாடினார். ஏப்ரல் 28-ல் இருதய நோயில் இறந்தார். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். ஹோலி ரிட்ஜ் என்ற இடத்தில், தோட்டக்காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். கல்லறைக்குக் கல் வைக்க 1990 ஆனது. அதற்குப் பணம் கொடுத்தவர் ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி. பாரமவுண்டின் உலோக மூலத் தட்டுகள் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டதால், இன்று நமக்குக் கிடைப்பது சேகரிப்பாளர்கள் தேடிக் கண்டெடுத்த தேய்ந்த தட்டுகளின் ஒலிதான். கேட்டால் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தத்துக்குள்ளிருந்து ஒருவர் பாடுவதுபோல் இருக்கும்.

ஆனால் அந்த அப்பளச் சத்தத்துக்குள்ளிருந்துதான் பெரிய ஆறு ஒன்று கிளம்பியது. டாக்கரிப் பக்கம் பேட்டனிடம் கற்ற ஹவ்லின் வுல்ஃப் பிறகு சிகாகோவில் மின்சாரக் கிட்டாரோடு முழங்கினார். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸை 1941-ல் ஆலன் லோமாக்ஸ் குழுவினர் தோட்டத்துக்கே கருவியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். 1943-ல் அவரும் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அவருடைய ஒரு பாட்டிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பெயர் கிடைத்தது. பாப் டிலன் 2001-ல் பேட்டனின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து ஒரு வெள்ளப் பாட்டுப் போட்டார். 2021-ல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் பேட்டனையும் சேர்த்தார்கள்.

அந்த 1943-ஐக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அதே வருடம் நம் ஆட்களும் ரயில் ஏறினார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஏறினார்கள். அது சிகாகோ ரயில் இல்லை, சயாம் மரண ரயில். பர்மாவுக்குப் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன 415 கிலோமீட்டர் தடத்தில் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள்.

நம் தோட்டத்தில் பாட்டுக்கா பஞ்சம்? கப்பல் ஏறிய பாட்டு, கங்காணியைத் திட்டிய பாட்டு, பால் வாளி தூக்கும்போது ஒரு பாட்டு, ஆயாக்கொட்டகையில் தாலாட்டு, கள்ளுக்கடை வாசலில் தெம்மாங்கு, சயாமுக்குப் போனவனை நினைத்து ஒப்பாரி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இரா. தண்டாயுதம் இப்படிப்பட்ட பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை அதே வேலையைத் தேயிலைத் தோட்டத்துப் பாடல்களுக்குச் செய்தார். அங்கே தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மை கூட்ட மேடைகளில் தாமே பாட்டுக் கட்டிப் பாடி, 1940-ல் அவற்றைச் சிறு புத்தகமாகவும் போட்டார்.

எழுத்து இருக்கிறது. குரல்தான் கைக்கு அகப்படுவதில்லை. இங்கே கிராமபோன் தட்டுகள் மதராசிலிருந்து கப்பலில் வந்தன. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தோட்டத்துக்கு வந்தார்கள். தோட்டத்துப் பாட்டுத் தோட்டத்தைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. நாற்பதுகளில் பால் வெட்டிய ஒரு பெண்ணின் பெயரை இசைத்தட்டு உறையில் நான் பார்த்ததே இல்லை. நம் பாட்டை விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைக்க ஒரு நாற்காலிக் கம்பெனிகூட நமக்கு வாய்க்கவில்லை. பிறகு திடலில் படம் காட்டும் வண்டி வந்தது, கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வந்தது, சினிமாப் பாட்டு வந்தது. வானொலியும் வந்தது. என் தொழிலைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் கையில் ரேடியோ வந்ததும் வாய் மூடிக்கொண்ட வீடுகள் நிறைய.

வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஹெலினா என்ற ஆற்றோர ஊரில் 1941-ல் ஒரு மாவுக் கம்பெனி உதவியோடு மத்தியான நேரத்துப் புளூஸ் நிகழ்ச்சி தொடங்கியது. காட்டு வேலைக்காரர்கள் சாப்பிட உட்காரும் நேரம். அவர்களைப் போன்ற ஒருவரே அவர்களுக்குப் பாடினார். அந்த நிகழ்ச்சி ஆயிரக்கணக்கான ஒலிபரப்புகளைத் தாண்டி ஓடியது.

நம்மிடம் எதுவுமே மிஞ்சவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாயங்காலம் சிரம்பான் வட்டாரத்தில் ஏதாவதொரு தாமானில் காரை நிறுத்திக் காது கொடுங்கள். பையன்கள் உறுமி பழகும் சத்தம் கேட்கும். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் குதிக்கும் அந்த மேளம் சத்தம் அதிகம், ஒழுங்கு குறைவு என்று பெரியவர்கள் எனக்கே கடிதம் எழுதுகிறார்கள். இருக்கட்டும். தோட்டத்தில் சாவுக்கும் சாமிக்கும் அடித்த தப்பு அதற்குள் இருக்கிறது. தப்படித்தவரைத் திண்ணையில் உட்கார வைக்காத காலமும் அதற்குள் இருக்கிறது. இன்று எல்லா வீட்டுப் பையன்களும் வரிசையில் நின்று அதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஹவ்லின் வுல்ஃப் கிட்டாரில் மின்சாரம் பாய்ச்சியபோதும் பெரியவர்கள் காதைப் பொத்தியிருப்பார்கள்.

ரஹாங்கில் நான் தேடிவந்தது ஒரு பாட்டியை. எண்பதைத் தாண்டியவர். ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அம்மாவின் ஒப்பாரி ஒன்று அவருக்கு முழுதாக நினைவிருக்கிறது என்று நேயர் ஒருவர் சொல்லியனுப்பினார். மூன்றாவது மாடி. மகனுக்கு அறுபது இருக்கும், செனவாங்கில் ஆலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காப்பி கொடுத்தார். பிறகு நேராகவே கேட்டார்:

"அந்தக் கஷ்டத்தையெல்லாம் ரேடியோவில போட்டு யாருக்கு என்னம்மா ஆகப்போவுது? எங்க பிள்ளைங்க வேலைக்குப் போற எடத்துல கேப்பாங்க."

நியாயமான கேள்வி. இதற்குத் தயாராகப் பதில் வைத்திருக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. நான் பேசாமல் காப்பியைக் குடித்தேன். பாட்டிதான் குறுக்கே வந்தார்.

"அவ பாடட்டுமான்னு என்னையத்தான் கேக்கணும். ஒன்னைய இல்ல."

கதையைச் சொன்னார். அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனபோது இவர் கைக்குழந்தை. சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை, அழவும் இல்லை. ஒப்பாரி வைத்தால் அவர் செத்தது உறுதியாகிவிடுமே. விடிகாலையில் பெரட்டுக்குப் போய், நிரை வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்து, திரும்பிவந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகொரு நாள் அதே தோட்டத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்து விவரத்தைச் சொன்னார். அன்று இரவுதான் அம்மா வாயைத் திறந்தார். லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். உடம்பும் இல்லை, நாளும் தெரியாது. தண்டவாளத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய், எந்தக் கட்டையின் கீழே நீ கிடக்கிறாய் என்று கேட்பதாக அந்த ஒப்பாரி போகுமாம். அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும், அவர்களுக்காக இரண்டு அடி பாடிவிட்டு அம்மா இதில் வந்து இறங்கிவிடுவாராம். கேட்டுக் கேட்டே மகளுக்குப் பாடமாகிவிட்டது.

"பாடுறேன் பாப்பா. ஆனா வீட்டுக்குள்ள வேணாம். சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக்கூடாது. வெளக்கு வைக்கிற நேரத்துக்கும் ஆவாது."

மணி நாலு. கீழே இறங்கினோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெஞ்சியில் ஆட்கள், திடலில் பந்து விளையாடும் பிள்ளைகள். கடைசியில் என் காருக்குள்ளேயே உட்கார்ந்தோம். ஒலிப்பதிவுக்காக ஏர்கான் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். வெயில் தகரமாய்க் காய்ந்தது. பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னாலிருந்த பலகையில் விரலால் ஒரு தட்டுத் தட்டி ஆரம்பித்தார்.

நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குரலை வருணிக்க எனக்கு வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்கி நின்று, விட்ட கட்டையிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார். முடிந்ததும் தண்ணீர் கேட்டார். மகன் காருக்கு வெளியே கண்ணாடியோரம் நின்றிருந்தார். உள்ளே எவ்வளவு கேட்டதோ தெரியாது, திரும்பி நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பதிவ எனக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிவிடுங்க" என்றார். ரேடியோவில் போடலாமா கூடாதா என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. பாட்டி எடுத்தார். போடலாம், ஆனால் தன் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ சொல்லக்கூடாது. "எங்கம்மா பாட்டு. எம்பேரு எதுக்கு?" என்றார். அம்மாவின் பெயரைச் சொல்லலாமா என்றேன். அதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

கிளம்புவதற்கு முன், "நீ தேடுன அந்த வெள்ளக்காரத் தோட்டத்து ஆளு பாட்டப் போடு பாப்போம்" என்றார். ஹெட்போனை அவர் காதில் வைத்து, வெள்ளப் பாட்டின் முதல் பகுதியைப் போட்டேன். கண்ணை மூடி, முழுதாகக் கேட்டார்.

"யாரு செத்ததுக்குப் பாடுறான்?"

யாரும் குறிப்பாக இல்லை பாட்டி, ஆற்று வெள்ளத்தில் ஊரே போனதற்கு என்றேன்.

"ம். பாடுனதுக்குக் காசு குடுத்தாங்களா இவனுக்கு?"

"ஏதோ கொஞ்சம் குடுத்தாங்க பாட்டி."

"அது சரி" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு மாடிப்படி பக்கம் நடந்தார்.